மல்லாந்த மவுஸ்

டிசைன் திங்கிங் வகுப்பில் முதல் பாடம், பயன்படுத்துகிறவரின் பாட்டை உணர்வது. சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டி உணர்வார்கள். ஆனால் ஆப்பிள் 2015-இல் கொண்டுவந்த மேஜிக் மவுஸ் 2-க்கு சார்ஜ் போடும் துளை அடிவயிற்றில். ஒயரைச் செருகினால் செத்த கரப்பான்பூச்சி மாதிரி மல்லாந்து கிடக்கும். நாம் கையைக் கட்டிக்கொண்டு காவல் இருக்கலாம். இரண்டு நிமிடம் ஏற்றினால் ஒன்பது மணி நேரம் ஓடுமாம், கம்பெனிக் கணக்கு. அந்த இரண்டு நிமிடம் பாஸ் கூப்பிடும்போதுதான் வரும் என்பது நம் கணக்கு.

உலகமே கேலி செய்தது. 2024-இல் ஒருவழியாகத் துளையை மாற்றினார்கள். புதுசு, யூஎஸ்பி-சி. இடம்? அதே அடிவயிறு. ஆனால் ஒன்று, மேசைமேல் வைத்துப் பார்த்தால் ஒரு ஓட்டைகூடத் தெரியாது. கொள்ளை அழகு!