கவனம், ஜெஞ்சாரோம்

மலேசியாவின் ஜெஞ்சாரோமில் ஒரு பையனால் வகுப்பில் கால் மணி நேரம் உட்கார முடியவில்லை என்றால் வைத்தியம் உடனே தொடங்கிவிடும். பாட்டி திருஷ்டி கழிப்பார். சித்தப்பா ரோத்தான் வாங்கி வருவார். டியூஷன் டீச்சர் இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டுவார். உட்கார முடியாதவனுக்கு மேலும் உட்காரும் பயிற்சி.

மாத்திரை என்றால்தான் வீடு அதிரும். இத்தனைக்கும் கவனக்குறைவுக்கு (ADHD) தரும் அந்த மாத்திரையின் மருந்தான மெத்தில்ஃபெனிடேட்டை 1944-இல் உருவாக்கிய வேதியியலாளர் பனிஸோன், டென்னிஸ் ஆடுமுன் அதைப் போட்டுக்கொண்ட தன் மனைவி ரீட்டாவின் பெயரால்தான் ரிட்டாலின் என்றார்.

அமெரிக்காவில் இக்குறைபாடுள்ள 579 பிள்ளைகளை 14 மாதம் கவனித்து 1999-இல் வந்த ஆய்வில், அறிகுறிகளைக் குறைப்பதில் மாத்திரை நடத்தைப் பயிற்சியை முந்தியது. மாத்திரைக் கட்சி கைதட்டியது. மூன்றாம் ஆண்டில் பார்த்தால் வித்தியாசம் கரைந்திருந்தது. எதிர்க்கட்சி கைதட்டியது. பையன் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வகுப்பறை உத்தியில் பெரிய வித்தை இல்லை: முன் வரிசை, துண்டு துண்டாக வேலை, செய்ததும் ஒரு பாராட்டு, நடுவே வெள்ளைப்பலகை துடைக்க ஓர் அழைப்பு. காசே இல்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ, யாருக்கும் அதில் நம்பிக்கை இல்லை.

2018-இல் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பை இங்கே இரவிரவாக எரிந்தபோது, ஊர்மக்கள் புகார்மேல் புகார் கொடுத்த பிறகே மேலிடத்துப் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது. அந்தக் கவனக்குறைவுக்கு யாரும் மாத்திரை எழுதித் தரவில்லை.