ஒரு தூங்குமூஞ்சிக் காதலன்

காதல் பாட்டுகளில் வரும் ஆண்கள் பொதுவாக உழைப்பாளிகள். மலையைத் தாண்டுவார்கள், மழையில் நனைவார்கள், நிலவைப் பறித்து வருவதாக வாக்குக் கொடுப்பார்கள். எவர்லி சகோதரர்கள் 1958இல் பாடிய ‘ஆல் ஐ ஹேவ் டு டூ இஸ் ட்ரீம்’ பாட்டின் நாயகன் மட்டும் பேசாமல் படுத்துவிடுகிறான். அவளைப் பார்க்க வேண்டுமா? கண்ணை மூடினால் கனவில் வந்துவிடுகிறாள். பஸ் செலவுகூடக் கிடையாது. இப்படியே காலம் போகிறதே என்று நடுவில் அவனுக்கே கவலை வருகிறது. அந்தக் கவலையையும் படுத்தபடியேதான் படுகிறான்.

என் மனைவி முதன்முதலில் கேட்டுவிட்டு, “இந்தப் பையன் எங்கேயாவது வேலைக்குப் போறானா?” என்றாள். மாமியாருக்கு வேறு சந்தேகம். “ஒரே பொண்ணை ஏன் அண்ணனும் தம்பியும் சேர்ந்து கூப்பிடறாங்க?” நியாயமான கேள்வி. தமிழ்ப் படமாக இருந்தால் இடைவேளைக்குள் ஒருவர் தியாகம் செய்திருப்பார்.

பாட்டை எழுதியவர் பூட்லோ பிரையண்ட். பதினைந்து நிமிஷத்தில் எழுதி முடித்தார் என்று சொல்வார்கள். அவர் மனைவி ஃபெலிஸ், கல்யாணத்துக்கு முன் மில்வாக்கி நகரில் ஒரு ஹோட்டலில் லிஃப்ட் ஆபரேட்டர். எட்டு வயதில் கனவில் பார்த்த முகம் 1945இல் அந்த ஹோட்டலில் எதிரே வந்து நின்றது, அதுதான் பூட்லோ என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கவனியுங்கள், அந்தம்மா கனவு கண்டுவிட்டு மறுபடி தூங்கவில்லை. வலியப் போய்ப் பேசி, ஆளைக் கட்டிக்கொண்டார்.

நாஷ்வில்லில் ஒலிப்பதிவு. செட் அட்கின்ஸின் கிட்டார், தண்ணீரில் விழுந்த வெளிச்சம் மாதிரி நடுங்கிக்கொண்டே தொடங்குகிறது. உடனே இரண்டு குரல்கள். அண்ணன் டான் ‘ஸ’ பிடித்தால் தம்பி பில் மேலே ‘க’ பிடிக்கிறார். பெரும்பாலும் அந்த இடைவெளி கெடாமலேயே இரண்டும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். சொல்லை முடிப்பதும் மூச்சு எடுப்பதும் ஒரே நொடியில். டானை மறைத்துவிட்டு பில்லை மட்டும் கேட்டாலும் அது தனிப் பாட்டாக நிற்கும். என் கட்சி இதுதான்: அந்தப் பெண் சும்மா ஒரு சாக்கு. இந்தப் பாட்டில் கல்யாணம் ஆனது இரண்டு குரல்களுக்கு.

நானும் என் அண்ணனும் இதை ஒரு கல்யாண ரிசப்ஷனில் பாடினோம். அண்ணன் கீழே, நான் மேலே. வீட்டில் ஒத்திகை பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. முதல் வரி முடிவதற்குள் பெரியப்பா மேடையருகே வந்து, “ரெண்டு பேரும் ஒரே பாட்டைப் பாடுங்கப்பா” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் கச்சேரிகளில் ஜோடியாகப் பாடுகிறவர்கள் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து நிற்பதைத்தான் ஒற்றுமை என்கிறோம். இரண்டாவது சரணத்தில் அண்ணனும் மேலே ஏறி வந்துவிட்டான். பெரியப்பா திருப்தியாகச் சாப்பிடப் போனார்.

உண்மைக் காதலர்களும் முயன்று பார்த்திருக்கிறார்கள். 1981இல் பாடகர் ஆண்டி கிப்பும் அவருடைய அப்போதைய காதலி, நடிகை விக்டோரியா பிரின்ஸிபாலும் பாடினார்கள். அடுத்த வருஷமே காதல் முறிந்தது. பாட்டைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பாட்டு உதவவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு இணக்கமாகப் பாடிய அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லை. 1973 ஜூலையில் கலிஃபோர்னியாவில் ஒரு நிகழ்ச்சியின் நடுவே பில் கிட்டாரை அடித்து உடைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார். மிச்சத்தை டான் தனியாகப் பாடி முடித்தார். அதற்கப்புறம் பத்து வருஷம் பேச்சுவார்த்தை கிட்டத்தட்ட இல்லை. 1983 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடி சேர்ந்து நின்றார்கள். இந்தப் பாட்டையும் பாடினார்கள். அந்தப் பதிவைத் தேடிக் கேட்டேன். ‘ஸ’வும் ‘க’வும் விட்ட இடத்திலேயே இருந்தன. நம்மூரில் பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிகளை ஒரே பந்தியில் உட்கார வைக்கவே மூன்று பேர் சமாதானம் பேச வேண்டும்.

பில் 2014இல் காலமானார், டான் 2021இல். பாட்டு இரண்டரை நிமிஷம்கூட ஓடாது. இதுவரை கேட்காதவர்கள் இன்று ராத்திரியே கேளுங்கள். கூடப் பாடத் தோன்றினால் டானின் வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பில்லின் பக்கம் போகாதீர்கள், பெரியப்பாக்கள் இருக்கிற வீடென்றால் நிச்சயமாகப் போகாதீர்கள்.