ஐந்நூற்றொன்றாவது யூனிட் குறித்து ஒரு பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்:
மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டர் பெட்டியைத் தினமும் கடந்து போகும் ஒருவர்,
தமிழ்நாடு.

பெறுநர்:
வீட்டு மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையம், வசூலிக்கும் கழகம், மானியம் தரும் அரசு.
(ஒருவரைக் கேட்டால் அடுத்தவரைக் கைகாட்டுவதால் மூவருக்கும் சேர்த்து ஒரே கடிதம்.)

பொருள்: கரண்ட் பில்லைக் குறைந்த செலவில் கட்டுவதற்கான வழியைத் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. 10.09.2022 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு மின் கட்டண விகிதம்.
2. மாதம் பிறந்ததும் என் வீட்டுக் கதவிடுக்கில் செருகப்படும் துண்டுச் சீட்டு.

ஐயா / அம்மையீர்,

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பிரம்பு வைத்து அடித்தும் ஏறாத கணக்கு, உங்கள் கட்டணப் பட்டியலைப் பார்த்ததும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஏறிவிட்டது. பார்வை 1-ல் கண்ட பட்டியலைத்தான் பாடப்புத்தகமாக வைத்திருக்கிறோம். 2024 ஜூலையில் விலைகளைக் கொஞ்சம் உயர்த்தினீர்கள். ஆனாலும் படிகளை இடிக்காமல் பெயிண்ட் மட்டும் அடித்ததால், பழைய பாடமே அதன் பிறகும் பொருந்தியது.

2022 விலைப்படி பாடம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். ஐந்நூறுக்குள் நின்றுகொண்டால், 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஆக, சரியாக 500 யூனிட்டில் நிறுத்திய வீட்டுக்கு பில் 1,725 ரூபாய்.

அந்த வீட்டில் யாரோ ஒருவர் இஸ்திரிப் பெட்டியை இன்னும் ஒரு மணி நேரம் போட்டுவிட்டார் என்று வையுங்கள். ஆயிரம் வாட் பெட்டிக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒரு யூனிட். ஐந்நூறைத் தாண்டியதும் 2.25 என்ற படியே காணாமல் போகிறது. 101 முதல் 400 வரை மொத்தமும் 4.50 ஆகிவிடுகிறது. 501-வது யூனிட்டின் விலை 8 ரூபாய் என்று பட்டியலில் அச்சாகியிருக்கிறது. பில்லிலோ 1,958 ரூபாய் நிற்கிறது. அதாவது அந்த ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் இந்தத் தொகைக்கு வீட்டிலுள்ள அத்தனை துணியையும் தேய்த்து மடித்தே கொடுத்துவிடுவார்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 2022-க்கு முந்தைய பட்டியலில் 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய், 501-க்கு 1,786 ரூபாய் 60 காசு. அப்போது அந்த ஒரே யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு. அரிசி, பருப்பு, எண்ணெய், பள்ளிக் கட்டணம் என எல்லாம் ஏறிய காலத்தில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விலை இறங்கிய ஒரே பொருள் ஐந்நூற்றொன்றாவது யூனிட்தான். இந்தச் சாதனையை நீங்கள் விளம்பரப்படுத்தாமல் விட்டது உங்கள் அடக்கத்தைக் காட்டுகிறது. மற்ற ஐந்நூறு யூனிட்டின் விலை அதே ஆணையில் 595 ரூபாய் ஏறியதைச் சொல்லி அந்த அடக்கத்தைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

அடுத்து, காலண்டர். மாதக் கடைசியில் பட்ஜெட் போடும் வழக்கம் எங்கள் தெருவில் ஒழிந்துவிட்டது. இப்போதெல்லாம் ஐம்பதாம் நாள்தான் முக்கியம். அன்றைக்கு மீட்டரைப் பார்த்துவிட்டு, மீதமுள்ள பத்து நாளைக்கு ஏ.சி. கிடையாது, கீசர் கிடையாது, மாவு அரைப்பது அக்கா வீட்டில் என்று உத்தரவு பிறக்கும். ரீடிங் எடுக்க வருபவருக்காகப் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாரைப்போல வாசலில் காத்திருக்கிறார்கள். அவர் சொன்ன நாளில் வந்துவிட்டால் வீடு நிமிர்ந்துவிடும். நான்கு நாள் தள்ளி வந்தால் என்ன ஆகும் என்பதையும் தெருவில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

தினம் 8 யூனிட் ஓடும் ஒரு வீடு. அறுபது நாளில் 480 யூனிட், பில் 1,605. அறுபத்து நான்காம் நாள் ரீடிங் எடுத்தால் 512 யூனிட், பில் 2,046. நான்கு நாளில் ஓடிய 32 யூனிட்டுக்கு 441 ரூபாய், யூனிட்டுக்கு ஏறத்தாழ 14 ரூபாய். ஆயிரம் யூனிட்டைத் தாண்டிய பங்களாவுக்குக்கூட நீங்கள் போட்ட உச்ச விலை யூனிட்டுக்கு 11 ரூபாய்தான். பங்களாவைவிட உயர்ந்த இடத்தில் எங்களை வைத்துப் பார்த்ததற்கு நன்றி. அடுத்த முறை 56 நாளில் வந்து நேர் செய்துவிடுவோம் என்பீர்கள். அதையும் போட்டுப் பார்த்தாயிற்று. அப்போது 448 யூனிட்டுக்கு 1,413 வரும். நான்கு மாதத்தையும் கூட்டினால் மின்சாரம் ஒரு யூனிட்கூடக் கூடவில்லை, பணம் மட்டும் 249 ரூபாய் கூடியிருக்கிறது.

மாதம்தோறும் ரீடிங் எடுப்போம் என்று 2021 தி.மு.க. தேர்தல் அறிக்கை சொன்னது. ஸ்மார்ட் மீட்டர் வந்தால்தான் அது முடியும் என்று பிறகு சொன்னார்கள். ஸ்மார்ட் மீட்டருக்கான டெண்டர் 2024 டிசம்பரில் ரத்தானது. மூன்று வாக்கியத்தில் ஒரு மாமாங்கக் கதையை முடிக்கும் கலை உங்களிடம் கற்க வேண்டியது.

இனி பணம் கட்டும் வழிகள். கவுண்ட்டரில் கட்டலாம்: கட்டணம் இல்லை, ஆனால் வெயிலும் வரிசையும் அரை நாள் சம்பளமும் நம்முடையவை. இணையத்தில் கட்டலாம். தனியார் செயலிகளில் கட்டினால் சிலவற்றில் ஓரிரு ரூபாய் சேவைக் கட்டணம்; கிரெடிட் கார்டு என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். முன்பணமாகவும் கட்டலாம் என்கிறீர்கள். அறுபத்து நான்காம் நாளின் பில் தொகையை இப்போதே யூகித்து முன்பணம் கட்டும் திறமை இருப்பவர், ஜோசியம் சொல்லியே பிழைத்துக்கொள்வார். எப்படிக் கட்டினாலும் ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்டிவிட வேண்டும். தவறினால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். சுருக்கமாக, பணம் கட்டும் முறையைத் தேர்ந்தெடுப்பதில் மிச்சமாவது ஒரு டீ காசு.

உண்மையான மிச்சம் வேறிடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது எங்கள் தெருவின் தலைசிறந்த மூளை. நீங்களும் சரிபார்க்கலாம். ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு மீட்டர் இருந்தால் பில் 2,750 ரூபாய்.
இரண்டு மீட்டர் இருந்தால் 1,350.
மூன்று மீட்டர் இருந்தால் 675.
ஆறு மீட்டர் இருந்தால் பூஜ்யம்.

அதே ஃபேன், அதே ஃபிரிட்ஜ், அதே 600 யூனிட். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று சுவரெங்கும் எழுதுகிறீர்கள். மீட்டரைத் தாராளமாக வாங்குங்கள் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? வீட்டு இணைப்புக்கு இருந்த நிலைக் கட்டணத்தையும் 2022-ல் நீக்கிவிட்டீர்கள். மாடிக்கு ஒன்று, மகன் பேரில் ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று என்று வசதியுள்ள வீடுகள் சுவரில் மீட்டர்களை வளர்த்து வருகின்றன. 2022 நவம்பரில் ஆதார் எண்ணை இணைக்கச் சொன்னபோது அந்த வீடுகள் சற்று வியர்த்தன. இலவச யூனிட் போகாது என்று நீங்களே உறுதி சொன்னதும் வியர்வை அடங்கியது. வசதியுள்ளவர்கள் விரும்பினால் 100 யூனிட்டை விட்டுக்கொடுக்கலாம் என்றும் அறிவித்தீர்கள். எங்கள் தெருவில் அந்தப் படிவம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இப்போது பார்வை 2-க்கு வருகிறேன்.

எங்கள் வளாகத்தில் நான்கு போர்ஷன்கள், நான்கு குடும்பங்கள், ஒரே ஒரு மீட்டர். அந்த மீட்டர் ஹவுஸ் ஓனர் பெயரில் இருக்கிறது. எங்களுக்கு உள்ளே சப்-மீட்டர். மாதம் பிறந்ததும் துண்டுச் சீட்டு வரும்: யூனிட் இவ்வளவு, பெருக்கல் 8, தொகை இவ்வளவு. இலவச யூனிட் என்ற சொல் அந்தச் சீட்டில் இல்லை. எட்டு ரூபாய் ஏன் என்று கேட்டால், "ஐந்நூறுக்கு மேல போனா எனக்கே எட்டு ரூபாய்தான் போடுறான்" என்பார். பார்வை 1-ன்படி அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் மீட்டர் எட்டிய கடைசிப் படியின் விலையை எங்களுக்குத் தந்துவிட்டு, முதல் படியின் இலவசத்தைத் தான் வைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

அதே 2022 விலையில் கணக்கைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் குடும்பத்துக்கு 150 யூனிட், நான்கு குடும்பத்துக்கு 600. எங்களிடம் அவர் வாங்குவது 4,800 ரூபாய். உங்களிடம் அவர் கட்டுவது 2,750. எங்கள் ஒவ்வொருவருக்கும் தனி மீட்டர் இருந்திருந்தால், குடும்பத்துக்கு 112 ரூபாய் 50 காசு வீதம் நான்கு பேரும் சேர்ந்து 450 ரூபாய் கட்டியிருப்போம். மேலே சொன்ன ஆறு மீட்டர் வீட்டுக்குப் பூஜ்யம். ஒரே அறையில் ஒரு ஃபேனும் ஒரு டி.வி.யும் வைத்திருப்பவனுக்கு 1,200. ஏழைக்கென்று அறிவித்த இலவசம், மீட்டர் பெட்டி வரை ஒழுங்காக வந்து சேர்கிறது. அங்கிருந்து எங்கள் அறைக்கு வரும் அந்தப் பதினைந்தடி ஒயரில்தான் ஒவ்வொரு முறையும் தொலைந்துபோகிறது. கடத்தல் இழப்பு என்று உங்கள் ஆண்டறிக்கையில் ஒரு கணக்கு வைத்திருப்பீர்களே, இதையும் அதில் எழுதிக்கொள்ளலாமா?

எனவே என் கோரிக்கைகள்:

ஒன்று: ஐந்நூறைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் உயர்ந்த விலை போடுங்கள். ஏறி வந்த படியைக் காலுக்குக் கீழிருந்து உருவ வேண்டாம்.

இரண்டு: ரீடிங் தள்ளிப்போனால் தள்ளிப்போன நாள்களின் விகிதப்படி 100, 500 என்ற எல்லைகளும் தள்ளிப்போகட்டும். தாமதம் உங்களுடையது, அபராதம் எங்களுடையது என்ற பாகப்பிரிவினை வேண்டாம்.

மூன்று: சலுகை மீட்டரை எண்ணாமல் குடித்தனத்தை எண்ணட்டும். ரேஷன் கடைக்காரருக்கு எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று தெரிகிறது. வாக்குச்சாவடி அலுவலருக்கும் தெரிகிறது. உங்களுக்கு மட்டும் தெரியாமல் இருப்பதற்குத் தனி முயற்சி தேவைப்பட்டிருக்கும்.

நான்கு: மூன்றும் இயலாதென்றால், குறைந்தபட்சம் ஒவ்வொரு பில்லின் அடியிலும் "இந்த இணைப்பில் யூனிட்டுக்கு ஆன சராசரி விலை" என்று ஒரு வரி அச்சடித்து மீட்டர் பெட்டியில் ஒட்டச் செய்யுங்கள். 2022 விலைப்படி எங்கள் வளாகத்துக்கு அது 4 ரூபாய் 58 காசு. எட்டு ரூபாய்ச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு குடும்பங்கள் அந்த வரியைப் படித்தால் போதும். மற்றதை நாங்களே பேசித் தீர்த்துக்கொள்வோம்.

இந்த விண்ணப்பத்தை உங்கள் இணையதளத்தில் பதியப் பார்த்தேன். முதல் கட்டத்திலேயே நட்சத்திரக் குறி போட்டு ஒரு விவரம் கேட்கிறது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை. ஆகவே தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மின் நுகர்வோர்

மின் இணைப்பு எண்: ஹவுஸ் ஓனரிடம் கேட்டுக்கொள்ளவும்.