போகாத ஊருக்கு ஒரு படம்

'மதர் இந்தியா' ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான் வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்காரைக் கோட்டை விட்டது என்று அறுபது வருஷத்துக்கும் மேலாக நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சினிமாவைப் பற்றி வாய் திறக்கும் எவரும் இதைச் சொல்லாமல் வாய் மூடுவதில்லை. ஆனால் அந்தப் பிரிவில் எந்தப் படத்துக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்று ஆஸ்கார் அகாடமி இதுவரை வெளியே சொன்னதே கிடையாது. ஓட்டெண்ணும் ஆடிட்டர் கம்பெனிக்காரர்கள் அந்தக் கணக்கை வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்கள். அப்படியிருக்க அந்த ஒரு ஓட்டை நம் ஆட்கள் எந்த ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து எண்ணினார்கள் என்பதுதான் அந்தப் படத்தில் இல்லாத சஸ்பென்ஸ்.

நடந்தது இதுதான். பெற்ற மகனையே சுட்டுக் கொன்று ஊர் மானம் காத்த நர்கிஸை 1958 மார்ச்சில் ஹாலிவுட்டுக்கு அனுப்பினோம். இத்தாலியிலிருந்து ஃபெலினி 'நைட்ஸ் ஆஃப் கபீரியா'வை அனுப்பியிருந்தார். அதன் நாயகி ரோம் நகரத் தெருவோரத்தில் வாடிக்கையாளருக்காக நிற்கும் பெண். பத்தினித் தெய்வம் தோற்றது, தெருவோரத்துப் பெண் ஜெயித்தாள். அன்றைக்கே நமக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. முதல் முயற்சியிலேயே கடைசி ஐந்துக்குள் போய்விட்டோமே, அடுத்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று உட்கார்ந்துவிட்டோம். அடுத்து ஒரு இந்தியத் தேர்வு அந்த ஐந்துக்குள் நுழைய 1988இன் 'சலாம் பாம்பே' வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு 2001இன் 'லகான்'. 2024ஆம் ஆண்டுத் தேர்வு வரை எண்ணினாலும் கணக்கு இந்த மூன்றுதான்.

விதி எளிமையானது, கொடுமையானது. ஒரு நாட்டுக்கு ஒரு படம். லக்சம்பர்க்குக்கும் ஒன்று, வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் படமெடுக்கும் இந்தியாவுக்கும் ஒன்று. அந்த ஒன்றைப் பொறுக்கும் வேலை ஃபிலிம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியாவுடையது. ஒரு கமிட்டி உட்காரும், வரிசையாகப் படம் பார்க்கும், டிபன் சாப்பிடும், தீர்ப்புச் சொல்லும். 'இந்த வருஷம் எது நல்ல படம்?' என்று அங்கே யாராவது கேட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். கேட்கப்படுவது வேறு: 'வெள்ளைக்காரனுக்கு எது பிடிக்கும்?' அந்த வெள்ளைக்காரனைக் கமிட்டியில் எவரும் பார்த்ததில்லை. அவனுக்குப் பிடித்ததைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் உறுதியான கருத்து உண்டு.

தமிழின் முறை 1969இல் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து போன முதல் படம், ஏ.சி. திருலோகசந்தரின் 'தெய்வமகன்'. மூன்று சிவாஜி. தழும்பு முகத்து அப்பா, அதே தழும்போடு பிறந்து அப்பாவாலேயே ஒதுக்கப்பட்ட மூத்த மகன், மழுமழு முகத்தோடு செல்லம் கொஞ்சும் இளைய மகன். மூன்று பேரும் ஒரே ஃப்ரேமில் நின்று நடிக்கும் காட்சியைப் பார்த்தால் இன்றைக்கும் கை தானாகத் தட்டும். ஆனால் அந்த வருஷம் அல்ஜீரியா 'இஸட்' என்ற அரசியல் கொலைப் படத்தை அனுப்பிப் பரிசைத் தட்டிக்கொண்டு போனது. வயிற்றெரிச்சல் அதுவல்ல. அதே விழாவில் சிறந்த நடிகர் விருது ஜான் வெய்னுக்குப் போனது. 'ட்ரூ கிரிட்' படத்தில் ஒற்றைக் கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு நடித்ததற்காக! ஒரு கண்ணை மறைத்தவருக்கு ஆஸ்கார். இரண்டு முகத்தில் தழும்பை ஒட்டி, மூன்றாவதில் மழித்து, மூன்று நடை நடந்து, மூன்று விதமாக அழுதவருக்கு விமானச் செலவு.

பிறகு எண்பதுகள். 1985இல் அர்ஜென்டினா, ராணுவ ஆட்சியில் காணாமல்போனவர்களின் குழந்தைகளைப் பற்றி 'தி அஃபிஷியல் ஸ்டோரி' அனுப்பியது. நாம் 'சாகர்' அனுப்பினோம். கடற்கரை, கிதார், ஒரு டிம்பிள், இரண்டு காதலர்கள். டிம்பிள் கடலில் இறங்கினால் ஹாலிவுட் கரையேற்றிவிடும் என்று கமிட்டி நம்பியிருக்க வேண்டும். அர்ஜென்டினா ஜெயித்தது.

'சாகர்' படத்தில் காதலில் தோற்பவர் கமல்ஹாசன். அடுத்த வருஷம் தெலுங்கில் 'ஸ்வாதி முத்யம்', அதற்கடுத்து தமிழில் 'நாயகன்'. மூன்று வருஷம் தொடர்ச்சியாக மூன்று மொழியில் ஒரே ஆளை அனுப்பியிருக்கிறோம். பின்னால் 'தேவர் மகன்', 'குருதிப்புனல்', 'இந்தியன்', 'ஹே ராம்' என்று மொத்தம் ஏழு. ஏர் இந்தியாவே இத்தனை ஒழுங்காக அமெரிக்காவுக்குப் போயிருக்காது. ஏழில் ஒன்றுகூட ஐந்துக்குள் நுழையவில்லை.

'நாயகன்' நல்ல படம், சந்தேகமில்லை. 2005இல் டைம் பத்திரிகையே உலகின் தலைசிறந்த நூறு படங்களில் ஒன்றாக அதைப் பட்டியலில் போட்டது. ஆனால் அனுப்பிய இடத்தை யோசியுங்கள். வரதராஜ முதலியாரின் வாழ்க்கை பாதி, 'காட்ஃபாதர்' சாயல் மீதி. அந்தக் 'காட்ஃபாதர்' படத்துக்குச் சிறந்த படம் என்று ஏற்கெனவே விருது கொடுத்து முடித்திருந்த அதே அகாடமிக்கு அனுப்பினோம். திருநெல்வேலிக்கே அல்வா! அந்த வருஷம் ஜெயித்தது டென்மார்க்கின் 'பாபெட்ஸ் ஃபீஸ்ட்', ஒரு சமையல்காரம்மா ஊருக்கே விருந்து வைக்கும் கதை. தாராவி ரத்தம் தோற்றது, ஆமை சூப் ஜெயித்தது. ஐந்து வருஷம் கழித்து 'தேவர் மகன்' போனபோதும் அதே காட்ஃபாதர் வாசம்தான், இந்த முறை மதுரைப் பக்கத்து மீசையோடு. 'குருதிப்புனல்' இன்னும் ஒரு படி மேல்: கோவிந்த் நிஹலானியின் இந்திப் படம் 'துரோக்கால்' அனுப்பப்படவில்லை, மறு வருஷம் அதன் தமிழ் மறுபதிப்பு அனுப்பப்பட்டது. பாட்டில்லாத படம் என்பதால் வெள்ளைக்காரனுக்குப் பிடிக்கும் என்று யாரோ மேஜையைத் தட்டியிருப்பார்.

இனி 1998. இந்த வரலாற்றில் நின்று கும்பிட்டுவிட்டுப் போக வேண்டிய சந்நிதி இது.

அந்த வருஷம் கமிட்டி 'ஜீன்ஸ்' படத்தை அனுப்பியது. ஆமாம், அதே 'ஜீன்ஸ்'. இரண்டு பிரசாந்த், இரண்டு நாசர், இரண்டு என்று பொய் சொல்லப்படும் ஒரு ஐஸ்வர்யா ராய். தன் இரட்டை மகன்களுக்கு இரட்டைச் சகோதரிகள்தான் மருமகளாக வர வேண்டும் என்று நாசர் ஒற்றைக்காலில் நிற்க, பாட்டி லட்சுமி இல்லாத இரட்டைப் பேத்தி ஒருத்தியை உண்டாக்குகிறார். நடுவில் ஒரே பாட்டில் பைசா கோபுரம், சீனப் பெருஞ்சுவர், ஈஃபில் கோபுரம், பிரமிடு, தாஜ்மஹால் என்று உலக அதிசயங்கள் ஏழும் பின்னணியாக வந்து போகும். திருப்பதி போகிற வழியில் காளஹஸ்தி பார்ப்பதுபோல அத்தனை சுலபமாக! படம் எனக்குப் பிடிக்கும். டி.வி.யில் வந்தால் ரிமோட்டைத் தொடமாட்டேன். அது வேறு விஷயம்.

ஆனால் இன்னொன்று கமிட்டியின் கண்ணில் எப்படிப் படாமல் போனதோ தெரியவில்லை. கதைப்படி அந்தப் பாட்டி அமெரிக்காவுக்குப் போவதே மூளை ஆபரேஷனுக்கு. அமெரிக்க டாக்டர் மண்டையைத் தப்பான பக்கத்தில் திறந்துவிடுகிறார். ஆஸ்பத்திரி நஷ்டஈடு கொடுத்துத் தப்பிக்கிறது. இந்தப் படத்தைத்தான் பெட்டியில் போட்டு அமெரிக்காவுக்கே அனுப்பி, மார்க் போடுங்கள் ஐயா என்று கேட்டோம்.

அதே வருஷம் ஈரான் அனுப்பியது மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'. அண்ணனும் தங்கையும் ஒரே ஒரு ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. அவர்கள் ஒரு ஜோடி ஷூவை அனுப்பினார்கள், நாம் ஏழு உலக அதிசயங்களை அனுப்பினோம். ஷூ ஐந்து படப் பட்டியலுக்குள் போனது. அதிசயங்கள் வாசலிலேயே நின்றன. கோப்பையை வாங்கியவர் 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' எடுத்த இத்தாலிக்காரர் ரோபெர்டோ பெனீனி. பெயரைக் கேட்டதும் நாற்காலிகளின் முதுகில் ஏறி நின்று குதித்தார். அன்றைக்கு நம்மூர் 'சத்யா'வோ வேறெதுவோ போயிருந்தாலும் ஜெயித்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் தோற்பதிலும் ஒரு மரியாதை இருக்கிறது, ராம் கோபால் வர்மாவுக்கு அதையாவது கொடுத்திருக்கலாம்.

'லகான்' மட்டும் கமிட்டியின் சித்தாந்தம் மொத்தத்தையும் உடைத்துக்கொண்டு உள்ளே போனது. கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாத ஊருக்கு, மூன்றே முக்கால் மணி நேரப் படம், அதில் கடைசி ஒன்றரை மணி நேரம் கிரிக்கெட்! அமெரிக்கர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். வெள்ளைக்காரனுக்கு எது பிடிக்கும் என்பது அவனுக்கே தெரியாது என்ற பாடத்தை இதிலிருந்து கற்றிருக்கலாம். கமிட்டி கற்ற பாடம்: செலவு செய்து செட் போட வேண்டும். அடுத்த வருஷம் 'தேவதாஸ்' போனது.

2003இல் நடந்தது இன்னும் அழகு. அனுப்பும் தகுதி எதற்குமே இல்லை என்று சொல்லி அந்த வருஷம் படமே அனுப்பவில்லை. 'ஜீன்ஸ்' தகுதி பெற்ற ஒரு நாட்டில்! அந்த ஜனவரியில்தான் 'அன்பே சிவம்' வெளிவந்திருந்தது. ஏழு தடவை போய்வந்த கமல், போயிருக்க வேண்டிய படத்தோடு வீட்டில் இருந்தார்.

அப்புறம் கோர்ட்டுக்கும் போனோம். 2007இல் 'ஏகலவ்யா' தேர்வானதை எதிர்த்து 'தர்ம்' படத்தின் இயக்குநர் பாவனா தல்வார் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பட்டா தகராறு, வரப்பு தகராறு எல்லாம் பார்த்த நீதிமன்றம் இதையும் பார்த்தது. அந்த இரு தரப்பும் சண்டை போட்ட அதே வருஷம் இங்கே 'பருத்திவீரன்' வந்திருந்தது என்பது எவருக்கும் நினைவுக்கு வரவில்லை. அதற்கு முன்னாலும் இதே கதைதான்: மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' போகவில்லை. பாலு மகேந்திராவின் 'வீடு' போகவில்லை. இரட்டை வேடம் இல்லாததுதான் குறையோ என்னவோ.

2012இல் 'பர்ஃபி' போனபோது சாப்ளின், பஸ்டர் கீட்டன், 'சிங்கிங் இன் தி ரெயின்' என்று காட்சி காட்சியாக எங்கிருந்து வந்தவை எனப் பலரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அதாவது மறுபடி அல்வா. அடுத்த வருஷம் உலகமே 'தி லஞ்ச்பாக்ஸ்' படத்தைச் சப்புக்கொட்டிக்கொண்டிருக்க, நாம் 'தி குட் ரோட்' வழியாகப் போய் எங்கேயும் சேரவில்லை. 2024இல் உச்சம். கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கிய பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' படத்தை, இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம்போல இருக்கிறது என்று ஒதுக்கினார்கள். வெள்ளைக்காரனுக்குப் பிடிக்கும் படம் எது என்று 67 வருஷமாகத் தேடியவர்கள், பிடித்துவிட்டது என்று அவனே எழுதிக்கொடுத்த படம் கையில் வந்ததும் தூக்கி எறிந்தார்கள். பெண்களைப் பற்றிய அந்தப் படத்தை ஒதுக்கி, பெண்களைப் பற்றிய இன்னொரு படமான 'லாபதா லேடீஸ்' போகட்டும் என்று முடிவெடுத்த 13 பேரில் ஒரு பெண்கூட இல்லை.

அந்தப் பக்கத்துக்காரர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? 1941ஆம் ஆண்டுக்கான சிறந்த படம் 'சிட்டிசன் கேன்' அல்ல. 1952இன் சிறந்த படம் ஒரு சர்க்கஸ் படம், 'சிங்கிங் இன் தி ரெயின்' பட்டியலிலேயே இல்லை. ஹிட்ச்காக் ஒரு முறைகூடச் சிறந்த இயக்குநர் ஆஸ்கார் வாங்காமல் போய்ச் சேர்ந்தார். நாம் 'ஜீன்ஸ்' அனுப்பிய அதே விழாவில் 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தைத் தள்ளிவிட்டு 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்துக்குச் சிறந்த படம் என்று கொடுத்தார்கள். பிழையான பரிசுக்குப் பிழையான படத்தை அனுப்புவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

என் தீர்ப்பைக் கேட்டால், தமிழிலிருந்து இதுவரை போனவற்றில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியிருக்க வேண்டியவை இரண்டு: 2016இன் 'விசாரணை', 2021இன் 'கூழாங்கல்'. ஒன்று, லாக்கப்பில் அடிபட்ட ஒரு கோயம்புத்தூர் ஆட்டோக்காரர் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. இன்னொன்று, மேலூர் வெயிலில் குடிகார அப்பனும் மகனும் நடக்கும் படம், முக்காலே மூணுவீசம் வெறும் நடைதான். இரண்டுமே தோற்றன. ஆனால் யாருக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு எடுத்தவை அல்ல, அதனால் இன்றைக்கும் பார்க்கும்படி இருக்கின்றன.

தமிழ் அந்த மேடை ஏறாமலும் இல்லை. 2009இல் ஏ.ஆர். ரகுமான் ஒரே இரவில் இரண்டு சிலைகளை வாங்கிக்கொண்டு எல்லாப் புகழும் இறைவனுக்கே என்றார், தமிழிலேயே. ஆனால் 'ஸ்லம்டாக் மில்லியனர்' நம் கமிட்டி அனுப்பிய படம் அல்ல, பிரிட்டிஷ்காரர் எடுத்தது. 2023 மார்ச்சில் 'நாட்டு நாட்டு' பாட்டுக்கு ஆஸ்கார் கிடைத்தபோதும் அதே கதை. கமிட்டி 'ஆர்.ஆர்.ஆர்.' படத்தை விட்டு குஜராத்தியின் 'செல்லோ ஷோ'வை அனுப்பியிருந்தது. நியாயமாகச் சொன்னால் அது 15 படப் பட்டியல் வரை போனது, குறை சொல்ல முடியாது. ராஜமௌலி குழு தனி வழி பிடித்து, தன் காசில் போய் ஆடிவிட்டு வந்தது.

அதே இரவில் இன்னொன்றும் ஜெயித்தது. முதுமலை தெப்பக்காட்டில் தாயில்லாத யானைக்குட்டிகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றி கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்', சிறந்த குறும் ஆவணப்படம். பேசும் மொழி தமிழ், கதாநாயகன் ரகு என்ற யானைக்குட்டி, நீளம் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. அதை அனுப்பலாமா வேண்டாமா என்று எந்தக் கமிட்டியும் உட்கார்ந்து பேசவில்லை. குறும் ஆவணப்படங்களுக்கு ஒரு நாட்டுக்கு ஒரு படம் என்ற விதி கிடையாது.