கிடக்கு அண்ணர்

"கிடக்கு, என்னட்டைக் கிடக்கு" என்று, நாம் இரவல் கேட்க வந்த சாமான் இன்னதென்று சொல்லி முடிப்பதற்கு முன்பாகவே பிரகடனம் செய்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு திண்ணையிலிருந்து எழும்புகிற அந்த மகானுபாவரை உங்கள் ஊரிலும் நீங்கள் தரிசித்திருப்பீர்கள். அல்லைப்பிட்டியில் அவர் எனக்கு அடுத்த வளவிலேயே வாசம் செய்கிறார் என்பதுதான் எனக்கு வாய்த்த விசேஷம்.

சுவிற்சர்லாந்தில் முப்பது வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய என் அம்மான், மற்றவர்கள் சொக்கிலேற்றும் போர்வையும் கொண்டுவருகிற பெட்டியில் ஒரு பழைய மக்கின்ரொஷ் கணினியைக் கொண்டுவந்தார். 1987இல் அப்பிள் கம்பனியார் வெளியிட்ட எஸ்.இ. என்னும் வகை அது. ஒன்பதங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையும் வட்டுச் செருகும் வாயும் ஒரே உடம்பில் அமைந்து, தூக்கிச் செல்வதற்கு முதுகில் ஒரு பிடிக்குழியும் கொண்டது. லோசானிலிருந்த கல்யாணசுந்தரம் அமைத்த மயிலை எழுத்துருவில் அம்மான் தம் ஊர்ச்சங்கத்து மலருக்கு முதன்முதலாகத் தமிழ் எழுத்துக் கோத்தது அதில்தான் என்பதால் அதை எறிய அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அதன் வயிற்றினுள்ளே ஒரு சிறு லிதியம் பற்றறி இருக்கிறது. முதுமையில் அது கசிந்து சுற்றியுள்ள செம்புத் தடங்களையெல்லாம் அரித்துத் தின்றுவிடும். ஆகவே மூடியைத் திறந்து அதை அகற்றியாக வேண்டும் என்பது ஒன்று, திறப்பதற்கு ஏற்ற கருவி வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதை அறிந்த கணத்திலிருந்து என் துன்பம் ஆரம்பமாயிற்று.

பின்மூடியைப் பற்றியிருப்பவை நான்கே திருகாணிகள். இரண்டு கீழே, கண்ணுக்கு எட்டும் இடத்தில் சாதுவாக இருக்கின்றன. மற்றை இரண்டும் பிடிக்குழியினுள்ளே, விரல் நுழையாத இரு துவாரங்களின் அடியாழத்தில் தவம் செய்கின்றன. அவற்றின் தலையிலோ நம்மவருக்குப் பரிச்சயமான ஒற்றைக் கீறலும் இல்லை, சிலுவைக் கீறலும் இல்லை. 1967இல் அமெரிக்கக் கம்பனியொன்று அறிமுகப்படுத்திய ரொர்க்ஸ் என்னும் ஆறுமுனை நட்சத்திரம் இருக்கிறது. அதிலும் பதினைந்தாம் இலக்கம் வேண்டும். தண்டு எட்டங்குலமாவது இருந்தால் நல்லது. 1984இல் வந்த முதல் மக்கின்ரொஷை உருவாக்கியவர்கள் தங்கள் கையொப்பங்களை மூடியின் உட்புறத்திலே பொறித்து வைத்தார்கள் என்று வாசித்திருக்கிறேன். யாரும் திறக்கக்கூடாதென்று பூட்டிவிட்டு உள்ளே கையொப்பமிடுகிற அந்த அடக்கத்தை என்னவென்று சொல்வது!

இதையெல்லாம் நான் அண்ணரிடம் விவரிக்கத் தொடங்கி, "அண்ணை, ஒரு ஸ்குரூ டிரைவர்..." என்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"கிடக்கு."

"சும்மா ஸ்குரூ டிரைவர் இல்லை அண்ணை. நட்சத்திர வாய்."

"நட்சத்திரமும் கிடக்கு."

"நீளமா வேணும்."

"நீளமாயும் கிடக்கு. நீ இரு தம்பி, எடுத்துக்கொண்டு வாறன்."

இருந்தேன். முற்றத்தில் சாக்கு விரிக்கப்பட்டது. பழைய பிஸ்கற் ரின் ஒன்று அதன்மேல் தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டது. கதவுப் பிணைச்சல்கள், தையல் மெசினின் அங்கங்கள், சைக்கிள் தைனமோ ஒன்று, எந்தப் பூட்டுக்கும் உரியதல்லாத திறப்புகள் பதினெட்டு, யாரோ ஒருவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் என்று பொருள்கள் வெளிப்பட வெளிப்பட, அண்ணர் ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, அது எந்த வருஷம் எந்த யந்திரத்திலிருந்து கழன்றது, அந்த யந்திரத்தின் சொந்தக்காரர் யாருடைய மைத்துனர், அவர் இப்போது கனடாவில் எத்தனை பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார் என்ற பூர்வ சரித்திரத்தைக் கூறி முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். மாலையில், "இஞ்சைதான் கிடந்தது. நாளைக்குப் பாப்பம்" என்று எல்லாவற்றையும் திரும்ப ரின்னுக்குள் அள்ளினார். மறுநாளும் கவிழ்த்தார், அதே பொருள்கள் அதே சரித்திரங்களோடு வெளிப்பட்டன. இந்த வைபவம் மூன்று வருஷங்களில் எத்தனை தரம் நடந்ததென்று நான் எண்ணவில்லை. பதினெட்டுத் திறப்புகளின் வரலாறும் எனக்கு இப்போது மனப்பாடம். ஒருதரம் பொறுமையிழந்து அலவாங்கோடு வந்துவிட்டார். மின்சாரத்தைக் கழற்றிய பின்பும் திரைக்குழாயில் பல்லாயிரம் வோல்ற்று தங்கியிருக்கக் கூடுமென்று சொல்லித்தான் அவரைத் தடுத்தேன்.

வெளியிலே தேடாமலும் இருந்துவிடவில்லை. பண்ணைப் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணப் பட்டினம் போனேன். தொலைபேசி திருத்துகிறவர்களிடம் நட்சத்திர வாய் உண்டு. ஆனால் அது ஐந்தாம், ஆறாம் இலக்கம், எறும்பின் பல்லுக்கு ஏற்றது. வாகனம் திருத்துகிறவர்களிடமும் உண்டு. அது திருகாணியின் தலையைவிடப் பெரியது. சரியான இலக்கத்தில் ஒரு குட்டைத் துண்டு அகப்பட்டது. அது துவாரத்தின் பாதிவழிகூடப் போகவில்லை. கொழும்புக்குச் சொல்லி எடுப்பிக்கலாமென்று தீர்மானித்த அன்று வேலிக்கு மேலால் அண்ணரின் தலை தெரிந்தது. "விசரே உனக்கு? வீட்டில சாமான் கிடக்கேக்கை ஆரும் காசு குடுத்து வாங்குவினமே?" என்று அவர் கேட்ட குரலில் இருந்த உண்மையான வேதனையைக் கண்டு நான் பின்வாங்கிவிட்டேன்.

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: இல்லையென்று சொல்பவன் நம்மை ஒரு நிமிஷத்தில் விட்டுவிடுகிறான், கிடக்கு என்பவர் நம் ஆயுளில் மூன்று வருஷத்தைத் தின்றுவிட்டு, நன்றியையும் எதிர்பார்த்து நிற்கிறார். அதற்குள் அந்தப் பற்றறி என்னென்ன அரித்ததோ, யாரறிவார்.

எங்கள் ஊர் மண்ணை 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தார் வந்து அகழ்ந்து, சோங் வம்சகாலச் சீனப் பீங்கான்களை எடுத்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் உரிய கருவியோடு வந்து, ஏறக்குறைய ஆயிரம் வருஷத்து மண்ணை அவர்கள் திறந்தார்கள். அயலில் நானோ, நாற்பது வருஷமும் நிரம்பாத ஒரு பிளாஸ்ரிக் பெட்டியின் முன்னே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஆனாலும் அந்த ரின்னை நான் முழுமனதாக வெறுக்க முடியாது. 1990இல் போரால் எங்கள் தீவை விட்டு வெளிக்கிட்டபோது அது அண்ணரோடு யாழ்ப்பாணம் போயிற்று. 1995இல் பட்டினமே பெயர்ந்தபோது தென்மராட்சிக்கு நடந்தது. 2006இல் ஊர் மறுபடி வெறிதானபோது மீண்டும் ஒரு தரம் சைக்கிள் கரியரில் ஏறியது. பற்றறியும் பெற்றோலும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், அதிலிருக்கிற அந்தத் தைனமோவைச் சுற்றித்தான் எங்கள் ஒழுங்கை முழுவதும் வானொலிச் செய்தி கேட்டது. பெடலை மிதித்தது அண்ணர். அந்நாட்களில் "கிடக்கு" என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு உயிர் வரும்.

சென்ற ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து வந்த மைத்துனன், பதினைந்தாம் இலக்கத்தில், எட்டங்குலத் தண்டோடு, புத்தம்புதிய ஸ்குரூ டிரைவர் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தான். உறையைப் பிரிப்பதற்குள் அண்ணர் வந்துவிட்டார். "காட்டு பாப்பம். உதே மாதிரித்தான் என்னட்டையும் கிடக்கு, ஒருக்கா வைச்சு அளந்துபோட்டுத் தாறன்" என்று வாங்கிப் போனார். பொழுதுபடக் கேட்டேன். முற்றத்தில் சாக்கு விரிக்கப்பட்டது.

கணினி இன்னும் திறக்கப்படவில்லை. இவ்வருஷம் விடுமுறைக்கு ஊர் வருகிற அன்பர்கள் யாராயினும் அப்படியொரு கருவி கொண்டுவந்து உதவினால் விலையைக் கொடுத்து விடுகிறேன். பஸ்ஸால் இறங்கி என் வீட்டுக்கு மட்டும் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். தனக்குத் தெரியுமென்று முதலில் எழும்பி வருபவர் அவராகவே இருப்பார்.