தலைக்குக் கறுப்பு, பெட்டிக்கு வெளுப்பு

1982-இல் வந்த கொமடோர் 64 கணினிக்கு இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இன்னும் பக்தர்கள் உண்டு. தன் நரைக்குக் கறுப்புச் சாயம் பூசும் அதே மனிதர், மஞ்சளித்த கணினி ஓட்டுக்கு, சலூனில் முடி வெளுக்கும் பெராக்சைடு களிம்பைத் தடவி, வடகம்போல வெயிலில் காயவைக்கிறார். மஞ்சளாக்கியதில் வெயிலுக்கும் பங்குண்டு, வைத்தியமும் அதனிடமே!

அடுத்து உள்ளே. கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் புதிது வைக்க வேண்டும். பழைய பவர் சப்ளை தனியாகச் சாகாது. வோல்டேஜை ஏற்றி மெமரி சிப்புகளையும் உடன்கட்டை ஏற்றிவிடும். அதையும் மாற்றியாயிற்று. பக்கத்துக்கு 170 கிலோபைட் கொள்ளும் ஃபிளாப்பி போய், 32 ஜிகாபைட் கார்டு வந்தது. ஒன்றே முக்கால் லட்சம் ஃபிளாப்பிப் பக்கங்களுக்கு மேல் அடங்கும். ஆடுவது என்னவோ அதே மூன்று கேம்தான்.

"இதெல்லாம் போனிலேயே ஓடுமே?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "அது எமுலேட்டர், இதுதான் அசல்" என்கிறார். அசலில் மிஞ்சியிருப்பது வெளி ஓடும், ஒன்றிரண்டு சிப்பும்தான்.

எல்லாம் முடிந்து, சுவிட்சைப் போட்டு, இரண்டே வரி புரோகிராம் அடிக்கிறார். திரை முழுக்க அவர் பெயரே ஓடுகிறது. நிறுத்த மனமில்லை.