நேர்முகத்துக்குப் போகும் கோப்பு: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அடுக்காய்வு

பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியூ பட்டியலில் சில படிப்புகளின் பக்கத்தில் # என்றொரு குறி இருக்கும். இண்டர்வியூவோ தேர்வோ உண்டு என்று பொருள். இக்குறி ஒரு தமிழ் வீட்டுக்குள் நுழைந்ததும் நடப்பவற்றை அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. பிள்ளை அங்கே என்ன பேசப்போகிறது என்று எவரும் கேட்பதில்லை. "ஃபைல் ரெடியா?" என்றுதான் கேட்கிறார்கள். எனவே இவ்வாய்வின் கருதுகோள்: பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை, இண்டர்வியூவுக்குப் போவது கோப்பு, பிள்ளை அதைத் தூக்கிச் செல்லும் ஆள்.

கோப்பை அகழ்ந்தால் அடித்தளத்தில் கிடைப்பது பாலர் பள்ளி வர்ணம் தீட்டும் போட்டிச் சான்றிதழ். (கலந்துகொண்டதற்கானது. கலந்துகொள்ளாத பிள்ளையே இல்லை.) அதன்மேல் தமிழ்ப்பள்ளிப் படிவு: திருக்குறள் மனனம், இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழா. அதற்கு மேலே சாரணர், பூப்பந்து, செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ். இடைநிலைப்பள்ளிக் காலத்தில் சான்றிதழ் விளைச்சல் திடீரென்று பெருகுவதற்குக் காரணம் உண்டு. சேர்க்கைக்கான மெரிட் கணக்கில் தேர்வுக்கு 90 பங்கு, கோக்கு என்னும் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10. பெற்றோரின் பக்தி முழுவதும் அந்தப் பத்தின் மீதுதான். தொண்ணூறைப் பிள்ளை உட்கார்ந்து படித்து வாங்கவேண்டும். பத்துக்கு அப்பா காரோட்டினால் போதும்.

நகல் ஒவ்வொன்றிலும் பள்ளி முதல்வரின் முத்திரை வேண்டும். முத்திரை விழாததைக் காகிதமாகக்கூட யாரும் மதிப்பதில்லை. முத்திரைக்குப் பிறகு, கோர்ட்டு மலைப் பிள்ளையார் கோயில். அங்கே கோப்பு உள்ளே போய்த் திருநீறு பெற்றுவிட்டால், பிள்ளை வாசலில் செருப்புக்குக் காவல் நின்றாலும் குற்றமில்லை.

இதைக் கேலி செய்பவர்கள் வரலாறு அறியாதவர்கள். 1950களில் பத்திரிகையாளர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெறக் காசு கொடுத்த சமூகம் இது. அங்கே 1956இல் இந்திய இயல் துறை தோன்றியது. பல்கலைக்கழகம் போவது ஊர் கூடிச் செய்யும் காரியம் என்ற எண்ணம் அன்று தொட்டு வருவது. அன்று காசு கொடுத்தோம், இன்று அறிவுரை கொடுக்கிறோம். இதில் செலவு குறைவு.

கோப்போடு அந்த மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழி பற்றியும் சர்ச்சை தீரவில்லை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருபவர் அப்துல்லா ஹுக்குமில் எல்ஆர்டிக்கு மாறினால் கெரிஞ்சி, அடுத்தது யுனிவர்சிட்டி. மூத்த அறிஞர்களோ கேஎல் சென்ட்ரல் வரை போய்த் திரும்பச் சொல்கின்றனர். பிரிக்பீல்ட்ஸில் இட்லி சாப்பிடலாம் என்பதைத் தவிர அவர்கள் வேறு சான்று காட்டுவதில்லை. எனக்கு அதுவே போதும்.

பல்கலைக்கழக வாசலில் பதிவான உரையாடல் ஒன்று, உள்ளபடி:

"ஃபைல பாத்தாங்களாம்மா?"

"ஐசியும் எஸ்டிபிஎம் ரிசல்ட்டும் மட்டும் கேட்டாங்கப்பா. அப்புறம், உன்னப் பத்திச் சொல்லுன்னாங்க."

"அப்பவே சொன்னேன், கலர் அடிச்சத முன்னால வைன்னு."